மாற்றுச் சான்றிதழ் கேட்கும் முன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து, இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கும் தங்கள் மகளை, நீட் பயிற்சியுடன் கூடிய தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றும்படி அவளுடைய தாய்மாமனும் பெரியப்பாவும் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். "சேவை, சேவை என்று சொல்லி அந்தப் பள்ளியில் பிள்ளையின் நேரத்தைப் பாழாக்கிவிட்டார்கள்" என்பது அவர்கள் குறை. தங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் மாற்ற வேண்டாம், மேற்படிப்புக்குச் சமூகப்பணியையும் எண்ணிப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் செலவைப் பாருங்கள். மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரியது; உதவி பெறும் பள்ளியில் படித்தவளுக்கு அது கிடைக்காது. தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக் கட்டணமே பத்து இலட்சத்தைத் தாண்டும். வயலை அடகு வைக்கலாம் என்று பெரியப்பா சொல்வது எளிது. மீட்க வேண்டியவர் தாங்கள். மேலும், உதவி பெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குச் சென்றால் அந்தத் தகுதியும் போய்விடும்.

அடுத்து, உறவினர் பாழ் என்று சொல்லும் அந்த நேரம். கத்தோலிக்க மாணவியர் தங்கள் சமயப் பாடமான மறைக்கல்விக்கும் தங்கள் மகளைப் போன்ற மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து சென்றாலும், மாணவர் இயக்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாகவே அமர்கிறார்கள். விடுதிச் சிறுமியருக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பதும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தின்பண்டக் காசைச் சேர்த்து முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதும் அங்கே அனைவருக்கும் பொது. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட தோழியின் வீட்டுக்கு ஆசிரியையுடன் சென்று, தாயின் நோயே காரணம் என்று அறிந்து, பாடக் குறிப்புகளை முறைவைத்து எழுதித் தர வகுப்பையே அவள் இணங்க வைத்ததைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலைமையைக் கண்டறி, சிந்தித்து முடிவெடு, செயல்படு என்று பெல்ஜியக் குருவான ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளர்களுக்கு வகுத்துத் தந்த முறையைத்தான் கத்தோலிக்க மாணவர் இயக்கங்களும் பின்பற்றுகின்றன. சமூகப்பணிக் கல்வியில், ஒருவரின் சிக்கலை அறிந்து அவருக்கு உதவக் கற்பிக்கும் தனிநபர் பணி என்ற பாடமும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நடக்கிறது.

பொறியியல், செவிலியம், கணினி ஆகியவற்றைத் தங்கள் உறவினர் நன்கு அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது சமூகப்பணி. அதன் இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. மூன்றாண்டுப் படிப்பு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். அதன்மேல் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாண்டு. வகுப்பறையோடு நில்லாமல், மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொழிற்சாலை, குடிசைப் பகுதி என்று களப்பணிக்குச் செல்ல வேண்டும். கிராம முகாமும் உண்டு. சென்னை எழும்பூரில், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இத்துறையில் முன்னோடி.

வேலை இல்லாத படிப்பு என்று தாய்மாமன் சொல்லக்கூடும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப்பணியாளர் இருக்கிறார். மருத்துவர் சொன்னதைக் குடும்பத்துக்கு விளங்க வைப்பதும், காப்பீட்டுக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுவதும், உறுப்பு தானத்தின்போது துயரில் இருக்கும் உறவினரிடம் பேசுவதும் இத்தகையோர் செய்யும் பணிகள். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் உளநல சமூகப்பணிக்கென்றே தனித்துறை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு செயல்படுகிறது. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதையும், நல்ல பதவிகளுக்கு முதுகலை தேவை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆயினும் அந்த ஐந்தாண்டுப் படிப்புக்காகத் தாங்கள் வயலைத் தொட வேண்டியதில்லை.

பன்னிரண்டுக்குப் பின் அவள் மனம் மருத்துவத்தை நாடினால் அப்போது பேசலாம். அதற்காகவே உயிரியல் உள்ள பிரிவில் இதே பள்ளியில் சேருங்கள். அதுவரை, தங்கள் கடிதம் முழுவதிலும் அவள் விருப்பம் ஒரு வரியாகக்கூட இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இந்த விடுமுறையிலேயே, சமூகப்பணித் துறை உள்ள ஒரு மருத்துவமனைக்கு முன் அனுமதி பெற்று அவளை அழைத்துச் சென்று, அங்கே பணிபுரிபவரிடம் அவளே கேள்வி கேட்கட்டும். தாய்மாமனும் உடன் வருவது நல்லது.