கேம்ப்புக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற மகளை, மே மாதம் கொடைக்கானலில் நடக்கும் 15 நாள் தங்கிப் படிக்கும் இங்கிலீஷ் கேம்ப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. அனுப்பலாம். ஆனால் கேம்ப் நோட்டீஸில் '15 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று போட்டிருக்கும் காரணத்துக்காக அனுப்ப வேண்டாம்.

பரீட்சையில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறாள், லண்டனில் இருக்கும் அத்தை வீட்டுப் பிள்ளைகள் வீடியோ காலில் வந்தால் போனை உங்கள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்துத் தேர்வு. பேசிக்காட்டு என்று அவளை யாரும் கேட்டதில்லை, அதற்கு மதிப்பெண் கொடுத்ததும் இல்லை. பத்து வருடமாகக் கண்ணும் கையும் படித்த மொழியை வாய் மட்டும் படிக்கவில்லை. அவளிடம் சொற்கள் இருக்கின்றன. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான் அவற்றை வெளியே விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஆகவே 'நாளைக்கு இன்டர்வியூவில் என்ன செய்வாள்' என்ற உங்கள் கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது.

இப்போது '15 நாளில் சரளமான ஆங்கிலம்' என்ற வாக்குறுதிக்கு வருவோம். மொழித்திறனை ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோல் ஒன்று உண்டு. உலகம் முழுக்க இங்கிலீஷ் பாடநூல்களின் அட்டையில் பார்க்கலாம். அதில் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற, ஆசிரியர் துணையோடு சுமார் 150 முதல் 200 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் பொதுவான கணக்கு. உங்கள் கேம்ப்பில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர வகுப்பு. வந்து சேரும் நாள், கிளம்பும் நாள், ஊர் சுற்றும் நாள் எல்லாம் கழித்தால் 48 மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. இதை மறைத்து சரளம் என்று விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கேம்ப்மேல் இல்லை.

வகுப்பு நேரத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். காலை பல் தேய்க்கும்போது, சாப்பாட்டு வரிசையில், இரவு விளக்கணைத்த பிறகு அவள் யாரோடு, எந்த மொழியில் பேசப் போகிறாள்? தங்கிப் படிக்கும் கேம்ப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே இந்த நேரத்துக்காகத்தான். பக்கத்துக் கட்டிலில் மதுரைப் பெண் இருந்தால் அந்த 15 நாளும் தமிழில் இனிமையாகக் கழியும். கொச்சியிலிருந்தோ ஹூப்ளியிலிருந்தோ வந்த பெண் இருந்தால், 'என் சோப்பை எடுத்தாயா' என்று கேட்கக்கூட ஆங்கிலம்தான் வேண்டும். அங்கே இலக்கணம் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை, இருவருமே தப்பாகத்தான் பேசுவார்கள். அதனால்தான் கூச்சம் போகும்.

தென்கொரியாவில் இதையே பிரம்மாண்டமாகச் செய்து பார்த்தார்கள். 2006இல் பாஜு நகரில் ஒரு 'இங்கிலீஷ் கிராமம்' திறந்தார்கள். குடிநுழைவுச் சோதனை, வங்கி, தபால் நிலையம், கடை எல்லாவற்றிலும் ஆங்கிலம் மட்டும். கவுண்டரில் இருப்பவரிடம் ஆங்கிலம் சரிதான். வரிசையில் பின்னால் நிற்கும் தோழனிடம் திரும்பினால் கொரிய மொழி வராமல் என்ன செய்யும்? எல்லோரும் அந்த நாட்டுப் பிள்ளைகள்தானே. அப்படிப்பட்ட கிராமங்கள் பல பின்னால் நஷ்டத்தில் தள்ளாடின.

ஆகவே கேம்ப்காரரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்த பேட்ச்சில் எந்தெந்த மாநிலப் பிள்ளைகள் எத்தனை பேர், அறை ஒதுக்கும்போது மொழி கலந்து போடுவீர்களா? தெளிவாகப் பதில் சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு வகுப்புக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். 15 பேருக்கு மேல் போனால் பேசும் வாய்ப்பு கிடைக்காது. உங்கள் மகளைப் போன்றவர்கள் பின்வரிசையில் ஒதுங்கிவிடுவார்கள். முதல் நாளே பேசவைத்துப் பார்த்து நிலை பிரிக்கிறார்களா என்பதும் முக்கியம். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் இவளை மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள், அங்கே இன்னும் வாயை மூடிக்கொள்வாள். ஒரு நாள் கால அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள். அதில் நாடகம், விளையாட்டு, சமையல், குழு வேலை இருக்க வேண்டும். காலை முதல் மாலை வரை டென்ஸ், வாய்ஸ், ப்ரிப்போசிஷன் என்றால் அது மலைமேல் நடக்கும் டியூஷன்.

தமிழில் பேசினால் அபராதம் போடும் இடமா? அப்படியென்றால் வேண்டாம். கூச்சப்படுகிற பிள்ளை அபராதத்துக்குப் பயந்து ஆங்கிலம் பேசாது, பேச்சையே நிறுத்திவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சம் உங்களுக்கு இருக்கக் கூடாது. பெண்களுக்குத் தனி விடுதியா, இரவில் பெண் வார்டன் அங்கேயே தங்குகிறாரா, ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், எல்லாம் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தினமும் ஒரு நேரம் வீட்டோடு தனியாகப் பேச அனுமதி வேண்டும். 'ஹோம்சிக் ஆகும், அதனால் 15 நாளும் போன் கிடையாது' என்பதை நான் ஏற்பதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்படி செய்யுங்கள்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. கேம்ப் கொடுக்கும் காகிதம் எந்தக் கல்லூரிச் சேர்க்கையிலும் எடுபடாது. வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான 'ஐஇஎல்டிஎஸ் பயிற்சியும் உண்டு' என்பதற்காகக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். அந்தத் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு என்று வந்தால் பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

லண்டனுக்கு அனுப்பி அங்கே ஒரு கோடைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று உங்கள் நாத்தனார் சொல்லும் யோசனை மோசமில்லை. பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற கோடைப் பள்ளிகளில் இத்தாலி, ஸ்பெயின், துருக்கிப் பிள்ளைகள் கலந்து இருப்பார்கள், நான் சொன்ன அறைத்தோழி கணக்கு அங்கே நன்றாகவே பொருந்தும். விசிட்டர் விசாவிலேயே, அங்கீகாரம் உள்ள நிறுவனமாக இருந்தால், குறுகிய காலம் படிக்கலாம். ஆனால் அவர்களுடைய கோடை ஜூலை, ஆகஸ்ட். நமக்கு அப்போது பள்ளி நடக்கும், அதுவும் பத்தாம் வகுப்பு. இந்த வருடம் வேண்டாம்.

கேம்ப் முடிந்து வந்த முதல் இரண்டு மாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கே திறந்த வாய் இங்கே ஜூன் மாதம் மூடிக்கொள்ளும். அறைத்தோழியின் எண்ணை வாங்கி வரச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை அவர்கள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று திருத்த வேண்டாம். தினமும் 15 நிமிடம் எதையாவது உரக்கப் படித்து போனில் பதிவு செய்து, தானே கேட்டுப் பார்க்கட்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் ஆறு நிமிட ஒலிப்பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பஸ்ஸில் கேட்கலாம். கேம்ப்புக்குப் பணம் புரட்டுவது சிரமமாக இருந்தால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்து மே மாதம் தினமும் ஒரு மணி நேரம் பேசவைத்தாலும் பாதிப் பயன் கிடைக்கும். கடன் வாங்கி அனுப்ப வேண்டிய விஷயம் இல்லை இது.

இன்னொன்று. மூன்று பக்கக் கடிதத்தில் இதைப் பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. நோட்டீஸை அவள் கையில் கொடுத்து இரண்டு நாள் விடுங்கள். அவள் போகிறேன் என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். 20ஆம் தேதிக்குள் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துகிறார்கள் என்றீர்கள். நடுவில் அவள் திரும்பி வர நேர்ந்தால் எவ்வளவு பணம் திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், அதன் பிறகு அட்வான்ஸ் கட்டினால் போதும்.