வாசகர் கேள்வி: ஊர் கூடி ஓர் அறிவியல் நாள்

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், மகளிர் சுய உதவிக் குழு, இளைஞர் நற்பணி மன்றம் மூன்றும் சேர்ந்து பிள்ளைகளுக்கு அறிவியல் திருவிழா நடத்தப் பேசியிருக்கிறோம். 200 பேரை அழைக்க எண்ணம். எங்கே தொடங்குவது?
– மணப்பாறை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் அந்த 200-ஐ 48 ஆக்குங்கள். 200 பேர் வந்தால் 20 பேர் மேசையை ஒட்டி நிற்பார்கள்; மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். 6 பிள்ளைகளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு பொறுப்பாளர், 25 நிமிடத்துக்கு ஒருமுறை மேசை மாற்றம். 4 மேசை போட்டால் 24 பிள்ளைகள் சுமார் 2 மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுச் செய்துவிடுவார்கள். காலை 9 மணிக்கு ஓர் அணி, 11 மணிக்கு இன்னோர் அணி. இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த மாதம். ஆண்டுக்கு ஒரு திருவிழாவைவிட மாதம் ஒரு ஞாயிறு மேல்.

வேலையைப் பிரிக்கும்போது 'எல்லாரும் எல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்று விடாதீர்கள். இடமும், பிறகு படிக்க எடுத்து வைக்கும் புத்தகங்களும் வாசகர் வட்டத்துக்கு. மேசை போடுவதும், தள்ளியிருக்கும் தெருக்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவதும் இளைஞர் மன்றத்துக்கு. பணமும் பொருளும் மகளிர் குழுவிடம் இருக்கட்டும். தீர்மானப் புத்தகமும் வரவு செலவும் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களைச் சுண்டல் அவிக்க மட்டும் உட்கார்த்திவிடாதீர்கள். 2 மேசைக்காவது அவர்களே பொறுப்பாளர்களாக இருக்கட்டும். சோதனைகள் சரியா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துத் தர ஓர் அறிவியல் ஆசிரியர் வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை அருகில் இருந்தால் கேளுங்கள். 1980 முதல் இதே வேலையில் இருப்பவர்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டத்தின் கருத்தாளர்களையும் தலைமையாசிரியர் மூலம் அணுகலாம்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கோயில் மண்டபம் பொது இடம்தான் என்பார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூச்சமின்றி அங்கே ஏறி வருவார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடமோ நூலகமோதான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் பிள்ளைகள் அதனாலேயே வராமல் போவார்கள். ஒரு மூலையில் பாய் விரித்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கக் குச்சி, மூடி, கரண்டி போட்டுவிடுங்கள். குட்டிகள் அங்கே இருப்பார்கள், அக்காமார் மேசைக்கு வருவார்கள்.

பெரும்பாலும் கெடுவது 2 இடங்களில். பொறுப்பாளரே சோதனையைச் செய்து காட்டிவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்தது மேடை. வரவேற்புரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் போய்விடும். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினால் தானாகவே சுருங்கும்.

கேள்வி: செம்பருத்திச் சாற்றில் அமிலம், காரம் காட்ட முயன்றோம். எதையும் சேர்க்கும் முன்பே சாறு நீலம் பாய்ந்து மங்கலாகிவிட்டது. பூ சரியில்லையா?
– தருமபுரி மாவட்ட மகளிர் குழு ஒன்று

பதில்: பூவில் குறையில்லை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் தண்ணீரைக் காரத்தன்மைப் பக்கம் இழுப்பதால் நிறம் அப்போதே மாறிவிடுகிறது. மழைநீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். 10 சிவப்புச் செம்பருத்தியின் இதழ்களை மட்டும் கிள்ளி, 200 மி.லி. சுடுநீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். தம்ளருக்கு 2 தேக்கரண்டி சாறு போதும். எலுமிச்சைச் சாறு 5 சொட்டு விட்டால் பளிச்சென்று சிவக்கும். சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் பச்சை. சற்று நேரத்தில் அதுவும் பழுப்பு மஞ்சளாகும், ஏனென்றால் கடுங்காரத்தில் அந்த நிறமி சிதைகிறது. தெளிநீருக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு கடலை அளவு எடுத்து ஒரு தம்ளர் நீரில் கலக்கித் தெளியவிடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து, அதைப் பெரியவர்களே ஊற்றட்டும். சாற்றை அன்றன்றே தயாரியுங்கள், மறுநாளைக்கு நம்ப முடியாது.

கெட்டுப்போன சாற்றைக் கொட்ட வேண்டாம். ஊர்த் தண்ணீரில் ஒன்று, மழைநீரில் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். நீங்கள் திட்டமிட்டதைவிட நல்ல சோதனை அது.

கேள்வி: உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதால் நட்ட குச்சிக்கு நிழலே விழாத நிழலில்லா நாளன்று சரியாகப் பகல் 12 மணிக்கு 30 செ.மீ. குழாயை நட்டுப் பார்த்தோம். கிட்டத்தட்ட 3 செ.மீ. நிழல் விழுந்தது. பிள்ளைகள் ஏமாந்துவிட்டார்கள்.
– கோவையிலிருந்து ஓர் இளைஞர் மன்றம்

பதில்: கடிகாரத்தின் 12 மணி உங்கள் ஊரின் உச்சிப்பொழுது அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை 77 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடமாக 22 நிமிடம் பின்தங்கும். ஏப்ரலில் சூரியன் கடிகாரத்தைவிட ஒரு நிமிடம்போல முந்தும் சிறு திருத்தத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 12.21. நீங்கள் பார்த்தபோது சூரியன் இன்னும் 5 பாகை கிழக்கே இருந்தது. நிழல் மேற்கே விழுந்திருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஏப்ரலில் கன்னியாகுமரிக்கு 10 அல்லது 11, மதுரைக்கு 16, கோவைக்கு 19, சென்னைக்கு 24ஆம் தேதியை ஒட்டி இந்த நாள் வரும். சென்னையில் நேரம் சுமார் 12.07. தேதி ஒரு நாள் தள்ளிப்போனால் 30 செ.மீ. குழாய்க்கு 2 மி.மீ. நிழல்தான், கவலையில்லை, அதே குழாய்க்கு 10 நிமிடப் பிசகு 1.3 செ.மீ. நிழலைக் கொண்டுவரும். ஆக, தேதியைவிட நிமிடம் முக்கியம். முந்தைய நாளே 12 மணியிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையைக் குறித்து, எப்போது மிகக் குட்டை என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். தரையை ரசமட்டத்தாலும் குழாயைத் தூக்குக்குண்டாலும் சரிபாருங்கள். கொத்தனார் ஒருவர் உடனிருந்தால் ஆசிரியரைவிட உதவியாக இருப்பார்.

இன்னொரு ஊர் அமைப்போடு கைகோத்தால் பூமியையே அளக்கலாம். சென்னையில் நிழல் மறையும் நாளில் கன்னியாகுமரியின் உச்சிப்பொழுதில் 30 செ.மீ. குழாய்க்கு சுமார் 2.6 செ.மீ. நிழல், தெற்கே விழும். அது 5 பாகைக் கோணம். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக 553 கி.மீ. முழு வட்டத்தின் 360 பாகையில் 5 பாகை 72-இல் ஒரு பங்கு என்பதால் 72-ஆல் பெருக்கினால் 39,816 கி.மீ.; துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008. சாலைத் தூரத்தைப் போட்டால் விடை கன்னாபின்னாவென்று வரும், வரைபடத்தில் தீர்க்கரேகை நெடுகத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் வரும் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பார்வை இல்லை. நிறம், நிழல் என்றே எல்லாம் இருக்கின்றன. அவனுக்கு என்ன தரலாம்?
– நாகையிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: அவனுக்கென்று தனி மேசை போடாதீர்கள், எல்லாரும் செய்யும் சோதனையையே மாற்றுங்கள். 6 வோல்ட் சிறு சூரியத் தகட்டோடு 3 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும் பஸ்ஸரை (மின்சாரம் பாய்ந்தால் ஒலிக்கும் சிறு கருவி) இணையுங்கள். சிவப்புக் கம்பி கூட்டல் முனைக்கு, மாற்றிப் போட்டால் ஒலிக்காது. வெயிலில் கத்தும், நிழல் பட்டால் அடங்கும். மெல்லிய குச்சி நிழலுக்கு அடங்காது. தகட்டிலுள்ள கட்டங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை; ஒரே ஒரு கட்டம் முழுவதும் மறைந்தாலே மின்னோட்டம் விழுந்துவிடும், பாதி மறைந்தால் போதாது. அதனால் உள்ளங்கை அகல அட்டையை வையுங்கள். நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவன் காதாலேயே தேடிப் பிடிப்பான்.

அமிலம், காரத்துக்கு வெங்காயம். பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணிக் கீற்றுகளைப் பையில் கட்டி ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். கீற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் வாடை நிற்கும். சலவை சோடாக் கரைசல் விட்டு நீரில் அலசினால் வாடை குறைந்துவிடும். கரைசலைப் பெரியவர்கள் விட்டு, அலசிய பிறகே முகரக் கொடுங்கள்.

கேள்வி: முதல் பரிசு, இரண்டாம் பரிசு வைக்கலாமா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: வேண்டாம். அந்தக் காசில் மஞ்சள் தாள் செய்து ஆளுக்கு 5 துண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் 1 தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கி, தெளிந்த பகுதியில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது, வெயிலில் வெளுத்துவிடும், ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு கூடாது. துணி சோப்பு, அடுப்புச் சாம்பல், மோர், புளி, ஷாம்பு ஐந்தில் எது தாளைச் சிவக்க வைத்தது என்று எழுதி வரச் சொல்லுங்கள். ஷாம்புவில் சண்டை வரும். நுரைப்பதெல்லாம் காரம் என்று நினைத்திருப்பார்கள். பல ஷாம்புகளில் தாள் மஞ்சளாகவே இருக்கும். அடுத்த மாதம் புட்டியோடு வரச் சொல்லுங்கள்.