மனு விசாரணைக்கு வக்கீலோடு போனால் தப்பா?

கேள்வி: வேலித் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் என் அம்மா மீது காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு வயது 63. ‘பத்திரங்களை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க’ என்று போனில் கூப்பிடுகிறார்கள். வக்கீலோடு போனால் நம்மீது தப்பு இருப்பதாக நினைப்பார்கள் என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: வக்கீலைக் கூட்டிக்கொண்டு போவது எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்வது ஆகாது. தனியாகப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. இப்படிப்பட்ட விசாரணையில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ‘எதிர்மனுதாரராகிய நான் இனிமேல் மேற்படி இடத்தில் எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டேன்’ என்று எழுதச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்று அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். நாளை சிவில் வழக்கில் எதிர்த் தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுதான். கூட வக்கீல் இருந்தால், ‘எல்லைப் பிரச்சினையை உரிமையியல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் எழுதித் தரச் சொல்வார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உங்கள் நிலமே இருக்கிறது.

இன்னொன்று, அம்மா ஸ்டேஷனுக்குப் போகத்தான் வேண்டுமா? எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கிலேயே ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179ஆம் பிரிவு. வழக்கே பதியாத மனுவுக்கு அம்மாவை அலையவிட என்ன அவசியம்? அதற்காகப் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தேதி, நேரம் போட்டு எழுத்து மூலம் அழைக்கச் சொல்லுங்கள். மனு விசாரணைக்கு அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. மனுவின் நகலையும், வீட்டிலேயே விசாரிக்கும்படியும் கேட்டு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பத்திரத்தின் ஜெராக்ஸ் போதும், அசலைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வக்கீலால் முடியாததும் உண்டு. அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவர் உடன் இருக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. கைதுக்கு முந்தைய கட்டத்துக்கு இவ்வளவு தெளிவான பிரிவு இல்லாததால், ‘வெளியே இருங்க சார்’ என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். சண்டை வேண்டாம். கண்ணில் படும் தூரத்திலாவது உட்காரக் கேளுங்கள்.

ஃபீஸை நினைத்துத் தயங்குகிறீர்களா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒருவேளை எஃப்.ஐ.ஆர். போட்டு, அதே சட்டத்தின் 35(3) பிரிவில், நேரில் ஆஜராகச் சொல்லி அம்மா பெயருக்கு நோட்டீஸ் வந்தால் கதை வேறு. அதற்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் கைதுக்கு நாமே வழி விட்டதாகிவிடும். நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.