'கென்தோ ஷிமஸ்' என்றால் சம்மதமா?

ஜப்பான் அரசுத் தரப்புப் பேட்டியில் வந்த 'கென்தோ ஷிமஸ்' என்ற ஜப்பானியத் தொடருக்கு உங்கள் செய்தியில் நீங்கள் போட்ட 'பரிசீலிக்கிறோம்' என்ற மொழிபெயர்ப்பு சரிதான். தலைப்பில் 'ஜப்பான் சம்மதம்' என்று வைத்ததைத்தான் உங்கள் ஆசிரியர் அடித்திருக்கிறார். தோக்கியோவில் 'கென்தோ ஷிமஸ்' பெரும்பாலும் நம்மூர் 'ஆவன செய்யப்படும்' ரகம். கோப்பு அங்கேயே தூங்கும்.

உங்களுடையது வாஷிங்டன் பேட்டிகள் கேட்டுப் பழகிய காது போல. அங்கே 'பென்டகனைக் கேளுங்கள்' என்று பந்தைத் தள்ளிவிடுவார்கள், நழுவல் பளிச்சென்று தெரியும். ஜப்பான் அரசின் முதன்மைச் செய்தித் தொடர்பாளரான தலைமை அமைச்சரவைச் செயலாளர் வார நாட்களில் வழக்கமாக இருவேளை நிருபர்களைச் சந்திப்பவர். 'பதில் சொல்வதைத் தவிர்த்துக்கொள்கிறேன்' என்று பணிவாகவே கதவைச் சாத்துவார்.

ஒன்று பாருங்கள்: அடுத்த வரியில் தேதியோ, பொறுப்பான அமைச்சகமோ வருகிறதா? வரவில்லையென்றால் கைகழுவல்தான்.

ஆனால் அந்தத் தொடருக்கு முன்னால் 'மாஎமுகி நி' (சாதகமான நோக்கோடு) இருந்தால் ஓரளவு சாதகம். ஒலிப்பதிவை மறுபடி கேட்டுவிட்டுத் தலைப்பை மாற்றுங்கள்.