பூதத்துக்கு ஓர் அறை: குழந்தைக்கு ஓவிய அடிப்படைகள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. நிறைய வரைகிறாள், ஆனால் மலை, சூரியன், வீடு என்று எப்போதும் ஒரே படம்தான். நிறச் சேர்க்கை, அளவு, சமநிலை போன்றவற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: விதிகளாகச் சொன்னால் இந்த வயதில் காதில் ஏறாது. ஓர் அறையைக் கற்பனை செய்து வரையச் சொல்லுங்கள். வெறுமனே "அழகான அறை" என்றால் கட்டிலும் ஜன்னலும் வரைந்து முடித்துவிடுவாள். அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் அவள் முடிவு செய்யட்டும். தூக்கம் வராத ஒரு பூதம் என்றே வைத்துக்கொள்வோம்.

பூதத்தின் நாற்காலியைப் பெரிதாகத்தான் வரைவாள். "இது பெரிய நாற்காலி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலிக் காலடியில் ஒரு பூனையை வரைந்தால் அளவு விகிதம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தச் சொல்லை அப்புறம் சொன்னால் போதும்.

சமநிலைக்குக் கத்தரிக்கோல்தான் நல்ல ஆசிரியர். கட்டில், விளக்கு, அலமாரி எல்லாவற்றையும் தனித்தனியே வரைந்து வெட்டி, வெற்றுத் தாளில் நகர்த்திப் பார்க்கட்டும். ஒரு பக்கம் மட்டும் குவிந்தால் அவளுக்கே உறுத்தும். ஒன்றை இன்னொன்று பாதி மறைக்கும்படி வைத்தால் முன் பின் தெரியும் என்பதையும் கண்டுபிடிப்பாள். பசை கடைசியில்தான்.

நிறத்துக்கு இரண்டு ஓவியங்களை அருகருகே காட்டுங்கள். டச்சு ஓவியர் வான்கோ 1888-இல் வரைந்த தன் படுக்கையறை, பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1911-இல் வரைந்த சிவப்பு ஸ்டுடியோ. "பூதத்துக்கு எந்த அறையில் தூக்கம் வரும்?" பதில் எதுவானாலும் சரி, காரணம் கேளுங்கள். நீலம் என்றால் அமைதி என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வான்கோ தன் அறையின் நிறங்கள் ஓய்வை உணர்த்த வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் தீட்டியபோது அந்தச் சுவர்கள் வெளிர் ஊதா. சிவப்புச் சாயம் வெளிறிப்போனதால்தான் இன்று நீலமாகத் தெரிகின்றன. மத்தீஸின் அறையிலோ சுவர், தரை, மேசை எல்லாம் ஒரே சிவப்பில் கரைந்திருக்கும், மேசை நாற்காலிகள் வெறும் கோடுகளாக நிற்கும். "இப்படியும் வரையலாமா?" என்று அவள் கண்கள் விரியும்.

ஒளிக்கு, அறையில் ஒரே ஒரு விளக்கு எரிவதாகச் சொல்லுங்கள். விளக்குக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழும். கறுப்பு டியூபை அன்றைக்கு ஒளித்துவைத்துவிடலாம். நீலத்தில் கொஞ்சம் பழுப்பு கலந்தால் கறுப்பைவிட உயிருள்ள நிழல் கிடைக்கும்.

தொலைவுக்காட்சியை, அதாவது தட்டையான தாளில் ஆழம் தெரியும்படி வரையும் முறையை (perspective), மட்டும் இப்போது திணிக்க வேண்டாம். 7-9 வயதில் எல்லாப் பொருளையும் ஒரே அடிக்கோட்டில் நிறுத்துவது இயல்பு, அது தவறல்ல. "என் அறை ஏன் தட்டையா இருக்கு?" என்று அவளாகக் கேட்கும் நாளில், தாளின் நடுவில் தாளைப் போலவே ஒரு சின்னச் செவ்வகம் போட்டு, அதன் நான்கு மூலைகளையும் தாளின் மூலைகளோடு இணைத்துக் காட்டுங்கள். தரை, கூரை, இரு பக்கச் சுவர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் வந்துவிடும்.

அறை முடிந்ததும் புதுத் தலைப்புக்குத் தாவாதீர்கள். அதே பூதத்துக்கு இப்போது தூக்கம் வந்துவிட்டது, சுவர் நிறத்தை மட்டும் மாற்றி இன்னொரு முறை தீட்டு என்று சொல்லிப் பாருங்கள்.