மல்லிகைக் கொடியில் சின்னான்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாடித் தோட்டத்தில் மல்லிகைக் கொடிக்குள் சின்னான் என்கிற கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. இரண்டுதான் பொரித்தன, மூன்றாவது எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் கிண்ணத்தில் சோறு வைத்தேன், சீண்டவே இல்லை. தினமும் இரண்டு முறை போய் மொபைலில் படம் எடுக்கிறேன். என் மாமியார், "மனுஷ வாடை பட்டா தாய் குஞ்சை விட்டுட்டுப் போயிரும், கிட்ட போகாதே" என்கிறார். உண்மையா? குஞ்சுகளுக்கு வேறு என்ன செய்யலாம்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

உங்கள் மாமியார் சொல்லும் காரணம் தவறு. ஆனால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

வாடைக்காக எந்தச் சின்னானும் குஞ்சைக் கைவிடாது. கீழே விழுந்த குஞ்சைக் கையால் எடுத்துக் கூட்டில் வைத்தாலும் தாய் வந்து ஊட்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் இதே பறவை கூடு வைத்தது. இளஞ்சிவப்பில் செம்மண் தெளித்தாற்போல் முட்டைகள். நானும் காலை, மாலை என்று கிளையை விலக்கி விலக்கிப் படம் எடுத்தேன். எதிர்வீட்டு ஆன்டெனாவில் ஒரு காக்கை உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது, ஆனால் கருத்தில் படவில்லை. நான்காம் நாள் கூடு காலி. அந்த இடத்தைக் காக்கைக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன். உங்கள் மூன்றாவது முட்டைக்கும் அதுதான் நடந்தது என்று சொல்ல வரவில்லை, பொரிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் போகும்போது தாய்ப்பறவை கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகிறதா? அந்தச் சத்தம் காக்கைக்கும் கேட்கும்.

அப்புறம் சோறு. பெரிய பறவை பழம் தின்னும். பப்பாளியும் வேப்பம்பழமும் அதற்கு விருந்து. வளரும் குஞ்சுக்கோ புழு பூச்சிதான் வேண்டும். எட்ட நின்று, முடிந்தால் பைனாகுலரில், ஒரு அரைமணி நேரம் பாருங்கள். தாயும் தந்தையும் மாறி மாறி வரும். அலகில் பச்சைப்புழு நெளியும், சில நேரம் வெட்டுக்கிளிக் கால் நீட்டிக்கொண்டிருக்கும். ஊட்டி முடித்த பிறகும் உடனே பறக்காது. தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும், வெள்ளைப் பொட்டலம் மாதிரி எச்சம் வரும், அதை அலகால் வாங்கிக்கொண்டு தூரத்தில் போய்ப் போடும். கூடு நாறினால் கீரியும் பூனையும் மோப்பம் பிடித்துவிடுமே. எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

உங்கள் கையால் ஊட்டினால்தான் பிழைக்கும் என்று கவலைப்படும் அளவுக்குச் சின்னான் நோஞ்சான் இல்லை. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம்மவர்களோடு ஃபிஜிக்குப் போனது என்பார்கள். இன்று பசிபிக் தீவுகள் பலவற்றில் அது பெரிய தொல்லை. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்றொரு பட்டியல் உண்டு. அதில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று சின்னான், இன்னொன்று நம் மைனா. இரண்டும் உங்கள் கைப்பிடிச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்!

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கொடியைக் கவாத்து செய்யாதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாடியின் மறுகோடியில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். பொரித்துப் பன்னிரண்டு நாள் வாக்கில் குஞ்சுகள் கூட்டை விட்டுக் குதிக்கும். அப்போது சரியாகப் பறக்க வராது, வாலும் வளர்ந்திருக்காது. தரையில் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சைப் பார்த்ததும் அட்டைப்பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், அங்கேயே வந்து ஊட்டும். பூனை நடமாட்டம் இருந்தால் மட்டும் எடுத்து ஒரு கிளையில் உட்காரவையுங்கள். இறகே முளைக்காத குஞ்சு விழுந்தால் நேரே கூட்டுக்குள் வைத்துவிடலாம்.

மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஊற்றுங்கள், தூரில் மட்டும். ஊற்றும்போது கூட்டை நிமிர்ந்து பார்க்காதீர்கள். குடத்தை எடுத்துக்கொண்டு அப்படியே வந்துவிடுங்கள்.