பி.எப். சந்தாதாரர் இறந்துவிட்டால் பணம் யாருக்கு?

சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துச் சேர்க்கும் பி.எப். பணத்தை, நமக்குப் பின் பெற்றுக்கொள்ள நாம் எழுதிக் கொடுக்கும் ஆள்தான் நாமினி. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போன்றது இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: திருமணமானதும் இந்தப் பெயர் தானாக அழிந்துவிடும்.

குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் (நம் ஊரில் அண்டி ஆபீஸ் என்றால்தான் புரியும்) திருமணத்துக்கு முன்பே வேலைக்குச் சேரும் பெண்கள் பலர் அம்மா பெயரை எழுதியிருப்பார்கள். மணமான பின் அந்த நியமனம் செல்லாது. புதிதாக எழுத வேண்டும். 1952-ஆம் ஆண்டு பி.எப். திட்டத்தின் 61-ஆம் பத்தி சொல்வது இதுதான். காரணம் எளிது. சம்பாதிப்பவரை நம்பி இருப்பவர்களுக்கான பணம் இது. குடும்பம் இருப்பவர் வெளியாள் பெயரை எழுதினாலும் செல்லாது.

நாமினியே இல்லையென்றால்? குடும்பத்தாருக்குச் சமமாகப் பிரியும். ஆனால் 18 வயது நிரம்பிய மகனுக்கும், கணவர் உயிரோடிருக்கும் மகளுக்கும் பங்கு கிடையாது. மூத்த மகன்தான் எல்லாம் என்று பழகிய வீடுகளில் இது தெரியவரும்போது பெரிய சண்டையே மூளும்.

பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக் கணக்கில் நாமினி எழுதியிருப்பதால் பி.எப்.புக்கும் அதுவே போதும் என்று பலர் நம்புகிறார்கள்; போதாது, இரண்டும் வெவ்வேறு பதிவுகள்.